சுங்கை பீசி முதல் சிப்பாங் வரை: ஓடுபாதை விளக்குகளின் கதை



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சார், நம்ம காருக்கு முன்னால லைட்டு இருக்கு. ரோட்டோரத்துல கம்பத்துக்குக் கம்பம் லைட்டு இருக்கு. ஆகாசத்துல ஒண்ணுமே இல்லையே! ராத்திரியில பிளேன் ஓட்டுறவரு எறங்குற எடத்த எப்படி சார் கண்டுபிடிப்பாரு?"

"கீழே விளக்குப் போட்டிருப்பார்கள் தம்பி" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் நான் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போயிற்று. கீழே விளக்கு இருக்கிறது, சரி. என்ன விளக்கு? என்ன நிறம்? யார் சொன்னபடி வைக்கிறார்கள்? அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது? அந்தப் பையனுக்கு நான் சொன்னது பாதிப் பதில்கூட இல்லை. மீதிப் பதிலைச் சொல்லத்தான் இந்த மலரில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பதிலைத் தேடிப் போனபோது ஒன்று தெரிந்தது. ஓடுபாதை விளக்கு என்பது வெளிச்சத்துக்காக வைத்த விளக்கு மட்டும் இல்லை. அது ஒரு சட்டம். "என்னைக் கண்டால் இறங்கு, காணாவிட்டால் மேலே ஏறிப் போய்விடு" என்று ஒவ்வொரு விமானியிடமும் அது சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதால் பிழைத்தவர் கோடிக்கணக்கானோர். கேட்காமல் போனதால் என்ன ஆயிற்று என்பதற்கும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கே சாட்சி.

பக்கத்து ஊர் விமானத் திடல்

"செராஸுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து ஊரான சுங்கை பீசியில்தான் கோலாலம்பூரின் பழைய விமான நிலையம் இருந்தது. ஈயச் சுரங்கக் குட்டைகளுக்கு அருகே, நகருக்கு மிகவும் நெருக்கமாக அமைந்த இடம் அது.

1937ஆம் ஆண்டு ஜூன் மாதம் வேர்ன்ஸ் விமானச் சேவை என்ற நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்துப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. 'டிராகன் ராப்பிட்' என்று பெயர். பெயரைக் கேட்டால் பெரிய பூதம் போலத் தோன்றும். உண்மையில் அது இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட ஒரு சின்ன விமானம். ஏழெட்டுப் பேர்தான் உட்காரலாம்!

போர் வந்தது, போயிற்று. 1947 ஏப்ரல் 2ஆம் நாள் மலாயன் ஏர்வேஸ் விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து ஐந்து பயணிகளுடன் கோலாலம்பூர் வந்து இறங்கியது. மே மாதம் முதல் நாள் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று வழக்கமான பயணம் ஆரம்பமானது. இன்று நாம் ஏறிப் போகும் விமான நிறுவனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்துச் சின்ன விமானங்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தை நம்பியே பறந்தன. விமானி ஆற்றைப் பார்ப்பார், தண்டவாளத்தைப் பார்ப்பார், மலையைப் பார்ப்பார். பார்த்துப் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பார். பொழுது சாய்ந்துவிட்டால் ஆறும் இல்லை, தண்டவாளமும் இல்லை. எல்லாம் ஒரே கறுப்பு. நம் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, கையில் அரிக்கன் விளக்கோடு பெரட்டுக்குப் போன கதையைச் சொல்வார்கள். கையில் விளக்கு இருந்தால் காலடி தெரியும். ஆனால் வானத்தில் வேகமாக வருகிறவனுக்குக் காலடி தெரிந்தால் போதாது. தூரத்திலிருந்தே வழி முழுவதும் தெரிய வேண்டும். ஆகவே விளக்கு அவன் கையில் இருந்தால் உதவாது; தரையில் இருக்க வேண்டும்.

தீ மூட்டி வழி காட்டிய காலம்

இதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் தபால்காரர்கள். ஆமாம், தபால்காரர்கள்தான்! 1921 பிப்ரவரி 22ஆம் நாள் இரவு. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரவு பகலாகத் தபாலை விமானத்தில் கொண்டு சேர்க்க முடியுமா என்று ஒரு சோதனை. ஜாக் நைட் என்னும் விமானி இரவில் நார்த் பிளாட் என்ற ஊரில் கிளம்பினார். வழியிலே தபால் ஊழியர்களும் விவசாயிகளும் விறகைக் குவித்துத் தீ மூட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தீயைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் ஓமஹா நகரம் வந்து சேர்ந்தார். அவர் வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே அவருக்குப் பதிலாக வர வேண்டிய விமானி வந்து சேரவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தாம் அதுவரை பறந்தே இராத பாதையில் தாமே பறந்து, காலையில் சிக்காகோவில் இறங்கினார்!

அந்த ஓர் இரவு உலகத்தின் கண்ணைத் திறந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கோபுரம் கட்டிச் சுழலும் விளக்கு வைத்தார்கள். 1924 ஜூலை முதல் இரவுத் தபால் விமானங்கள் வழக்கமாகப் பறக்கத் தொடங்கின.

விமானத் திடல்களிலோ மண்ணெண்ணெய் விளக்குகள் எரிந்தன. பூவாளியைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதைப் போலவே நீண்ட கழுத்துடைய ஒரு தகரக் குவளை. உள்ளே மண்ணெண்ணெய், கழுத்தின் வாயில் தடித்த திரி. கழுத்து வாத்தின் கழுத்தைப் போல வளைந்திருப்பதால் ஆங்கிலத்தில் அதற்கு வாத்துக்கழுத்து விளக்கு என்றே பெயர். விமானம் வரும் நேரம் பார்த்து ஊழியர்கள் ஓடிப் போய், பாதையின் இரு பக்கமும் வரிசையாக வைத்துக் கொளுத்துவார்கள். காற்று மாறினால்? எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் வேறு பக்கம் வைக்க வேண்டும். மழை பெய்தால்? கேட்கவே வேண்டாம்!

நம் முன்னோர் பிறந்த மண்ணிலும் ஓர் அருமையான இரவுக் கதை உண்டு. 1949இல் இந்தியாவில் இரவு விமானத் தபால் சேவை தொடங்கப்பட்டது. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ஒரு விமானம், டில்லியிலிருந்து ஒன்று, பம்பாயிலிருந்து ஒன்று, கல்கத்தாவிலிருந்து ஒன்று. நான்கும் இரவில் கிளம்பி, நாட்டின் நடுவே உள்ள நாகபுரியில் சந்திக்கும். தபால் மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு, பொழுது விடிவதற்குள் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடும். மாலையில் சென்னையில் போட்ட கடிதம் மறு நாள் டில்லியில்! நாடே தூங்கும் நேரத்தில் நாகபுரியின் ஓடுபாதையில் மட்டும் விளக்குகள் தூங்காமல் இருந்தன. அந்த வேலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிக்கு ஓர் இலக்கணம்

விளக்கு இருந்தால் போதுமா? போதாது. ஊருக்கு ஒரு விதமாக விளக்கு வைத்தால் என்ன ஆகும்? பினாங்கில் பச்சை என்றால் 'வா', சிங்கப்பூரில் பச்சை என்றால் 'போ' என்று இருந்தால் விமானி என்ன செய்வார், பாவம்!

1944 டிசம்பர் 7ஆம் நாள் சிக்காகோ நகரில் 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் அனைத்துலகப் பொதுப் பயணிகள் விமான அமைப்பு. விமான நிலையம் எப்படி இருக்க வேண்டும், எந்த விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கான விதிகளை அந்த அமைப்பு 1951இல் '14ஆம் இணைப்பு' என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1958இல், நம் நாடும் அந்த அமைப்பில் சேர்ந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் கால்வர்ட் என்ற விஞ்ஞானி ஒரு முக்கியமான உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். மேகத்திலிருந்து வெளியே வரும் விமானிக்கு ஒளி மட்டும் போதாது. எது இடம், எது வலம், எது மட்டம் என்றும் தெரிய வேண்டும். நடுவே ஒரு கோடாக விளக்குகள். அதைக் குறுக்கே வெட்டும் வரிசைகளாக இன்னும் சில விளக்குகள். நடுக்கோடு வழியைக் காட்டும். குறுக்குக் கோடு, விமானம் சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதைக் காட்டும். எளிமையான யோசனைதான். ஆனால் இன்று உலகமெங்கும் ஓடுபாதைக்கு முன்னால் உள்ள 'அணுகு விளக்குகள்' இந்த யோசனையின் பேரப்பிள்ளைகளே. பெரிய விமான நிலையங்களில் இந்த வரிசை ஓடுபாதை தொடங்குவதற்கு 900 மீட்டர் முன்பிருந்தே வந்துவிடும்.

சரி, இப்போது அந்த ஒளி மொழியின் அரிச்சுவடியைப் படிப்போமா? ஐந்தே நிறங்கள்தான்.

பச்சை: ஓடுபாதை தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு வரிசை. "இதைத் தாண்டி இறங்கலாம்" என்று பொருள்.

வெள்ளை: ஓடுபாதையின் இரு ஓரங்களிலும். ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையே 60 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. பெரிய ஓடுபாதைகளில் நடுக்கோட்டிலும் வெள்ளை விளக்குகள் உண்டு.

மஞ்சள்: ஓரத்து விளக்குகளே கடைசி 600 மீட்டரில் மஞ்சளாகிவிடும். "பாதை முடியப் போகிறது, கவனம்!"

சிவப்பு: ஓடுபாதை முடியும் இடம். நடுக்கோட்டு விளக்குகளும், முடிவுக்கு 900 மீட்டர் இருக்கும்போது சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வந்து, கடைசி 300 மீட்டரில் முழுச் சிவப்பாகும்.

நீலம்: விமானம் ஊர்ந்து செல்லும் துணைப் பாதைகளின் ஓரம். அந்தப் பாதைகளின் நடுக்கோடு மட்டும் பச்சை. இந்த இரண்டையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இவற்றோடு ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் தனியாக நிற்கும். 1970களில் இங்கிலாந்தில் உருவானவை. விமானம் சரியான சரிவில் இறங்கி வந்தால் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். நான்கும் வெள்ளை என்றால் மிக உயரத்தில் வருகிறாய். நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வில் வருகிறாய், ஆபத்து! நம் வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்தே நிலைமையைத் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. ஒவ்வொரு ஓடுபாதைக்கும் ஒரு குறைந்தபட்ச உயரம் உண்டு. சாதாரணக் கருவி வழிகாட்டலில் அது தரையிலிருந்து சுமார் 200 அடி வரை வரலாம். கருவி உதவி குறைவான இடங்களில் இன்னும் அதிகம். அந்த உயரத்துக்கு வந்ததும் விமானி வெளியே பார்க்க வேண்டும். விளக்கோ ஓடுபாதையோ தெளிவாகத் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். உடனே மேலே ஏற வேண்டும். இதுதான் நான் முதலில் சொன்ன சட்டம்.

சுபாங் சொல்லும் பாடங்கள்

பெரிய ஜெட் விமானங்கள் வந்தபோது சுங்கை பீசி போதவில்லை. ஒரு பக்கம் சுரங்கம், மறு பக்கம் நகரம். பாதையை எங்கே நீட்டுவது? 1965 ஆகஸ்டு 30ஆம் நாள், சுதந்திர தினத்துக்கு முதல் நாள், சுபாங் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. ஓடுபாதை சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளம்! வெளிநாடு போகும் மகனை வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் சுபாங் போய் நின்ற காலத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். சுங்கை பீசி ஆகாயப் படையின் தளமாயிற்று, 2018இல் மூடப்பட்டது.

சுபாங்கைச் சுற்றி அப்போது ரப்பர்த் தோட்டங்கள். அவற்றில் ஒன்று எல்மினா தோட்டம்.

1977 செப்டம்பர் 27ஆம் நாள். தோக்கியோவில் புறப்பட்டு ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சுபாங்கில் இறங்க வந்தது. மாலை மங்கும் நேரம்; வானிலையும் மோசம். ஓடுபாதை கண்ணில் படவில்லை. சட்டப்படி குறைந்தபட்ச உயரத்தில் நின்று மேலே ஏறியிருக்க வேண்டும். விமானமோ அந்த உயரத்துக்கும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. விமான நிலையத்துக்குச் சில மைல் முன்னாலேயே, எல்மினா தோட்டத்துக் குன்றில், பால்மரங்களுக்கு நடுவே மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் 79 பேர். அவர்களில் 34 பேர் இறந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். சட்டம் எழுதப்பட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. 'இதோ தெரிந்துவிடும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் தெரிந்துவிடும்' என்ற அந்த ஒரு நினைப்பு 34 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1983 டிசம்பர் 18ஆம் நாள் இரவு. சிங்கப்பூரிலிருந்து 247 பேருடன் வந்த மலேசிய விமான நிறுவனத்தின் ஏர்பஸ் ஒன்று கொட்டும் மழையில் அதே சுபாங்கை நெருங்கியது. மீண்டும் அதே கதை. பாதை தெளிவாகத் தெரியாத நிலையில் இறக்கம் தொடர்ந்தது. ஓடுபாதைக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் முன்னால் விமானம் தரையில் விழுந்து, பிறகு தீப்பற்றி எரிந்தது. ஆனால் அதற்குள் அத்தனை பேரும் வெளியேறிவிட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை! சும்மா சொல்லக்கூடாது, அது பெரும் அதிர்ஷ்டம்தான். ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி விமானம் ஓட்ட முடியுமா?

1989 பிப்ரவரி 19ஆம் நாள் விடியற்காலை மூன்றாவது பாடம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சரக்கு விமானத்திடம் கட்டுப்பாட்டு நிலையம் 2,400 அடிக்கு இறங்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. ஆங்கிலத்தில் 'டூ' என்ற ஒலிக்கு 'இரண்டு' என்றும் பொருள்; 'வரை' என்றும் பொருள். 'இரண்டு, நான்கு, சுழியம், சுழியம்' என்று சொன்னதை விமானிகள் 'நான்கு, சுழியம், சுழியம் வரை' என்று எடுத்துக்கொண்டார்கள். 2,400 அடி, 400 அடியாகிவிட்டது! விமானம் பூச்சோங் பகுதிக் குன்றில் மோதியது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். தரை நெருங்குகிறது என்று விமானத்தில் இருந்த கருவி எச்சரித்தும் அவர்கள் மேலே ஏறவில்லை.

ஒரு சொல்லைக் காது இரண்டு விதமாகக் கேட்கலாம். விளக்கின் நிறமோ எல்லா மொழிக்காரருக்கும் ஒன்றே. ஆனால் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வருகிற வரையில், உயரத்தைக் காக்கும் விதிதான் விமானத்துக்குக் காவல். விதி காக்காத இடத்தில் விளக்கு வந்து காக்க முடியாது.

விளக்கே வழி தவறச் செய்யுமா?

"விளக்கு தெரிந்தால் போதும், அப்படித்தானே சார்?" என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் இன்னொரு பாடம் இருக்கிறது. அது நம் நாட்டில் நடந்தது அல்ல. ஆனாலும் இந்தக் கதையில் அதை விட்டுவிட முடியாது.

2000 அக்டோபர் 31ஆம் நாள் இரவு. தைவான் தலைநகர் தைப்பேயில் புயல் மழை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று 179 பேருடன் அமெரிக்காவுக்குக் கிளம்பத் தயாரானது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். ஒன்று அவர்கள் போக வேண்டிய பாதை. மற்றொன்றில் பழுதுபார்க்கும் வேலை நடந்ததால், விமானம் கிளம்பவோ இறங்கவோ அதைப் பயன்படுத்தக்கூடாது. மூடிய பாதையின் நடுவே பச்சை விளக்குகள் எரிந்தன.

பச்சை நடுக்கோடு என்றால் என்ன? நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே! அது ஊர்ந்து செல்லும் பாதையின் நிறம். ஓடுபாதையின் நடுக்கோடு வெள்ளையாக இருக்க வேண்டும். மழையிலும் அவசரத்திலும் விமானிகள் பச்சை வரிசையைப் பின்பற்றித் திரும்பினார்கள். 'இது நம் பாதைதானா?' என்று நிறத்தைப் படித்துப் பார்க்கவில்லை. விமானம் வேகமெடுத்து, வேலைக்காக நிறுத்தியிருந்த இயந்திரங்களின் மேல் மோதியது. 83 பேர் இறந்தார்கள்.

பழி விமானிகளுக்கு மட்டும்தானா? விசாரணையில் வேறு குறைகளும் வெளிவந்தன. சரியான பாதைக்கு வழிகாட்ட வேண்டிய பச்சை விளக்குகளில் ஒன்று எரியவில்லை. ஒன்று மங்கி எரிந்தது. மூடிய பாதையின் வாயில் தடுப்பு எதுவும் வைக்கப்படவில்லை. எரியாத ஒரு விளக்கும் கதை சொல்லும், மாணவர்களே! படிக்கிறவன் தவறலாம், எழுதியவனும் தவறலாம். இருவரும் ஒரே நேரத்தில் தவறினால் நடுவே சிக்குகிறவர்கள் பயணிகள்.

விளக்குக்குப் பின்னால்

இதனால்தான் விளக்கை வைப்பதோடு வேலை முடிவதில்லை. அதைக் காக்கவும் விதிகள் உண்டு. தீபாவளிக்கு நாம் வாசலில் தொங்கவிடும் சரவிளக்கைப் பாருங்கள். பழைய மாதிரிச் சரம் என்றால், ஒரு பல்பு போனால் சரமே அணைந்துவிடும். ஓடுபாதை விளக்குகளும் ஒரே சரமாகத்தான் இணைக்கப்படுகின்றன. எல்லாம் ஒரே அளவில் ஒளிர வேண்டும் என்பதற்காக. ஆனால் ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு சிறு மின்மாற்றி புதைத்திருப்பார்கள். ஒரு பல்பு போனாலும் மற்றவை எரியும். அது மட்டுமா? ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு சரம் போடுவார்கள். ஒரு சரமே செத்துவிட்டாலும் மறு சரம் பாதையைக் காட்டும்.

மின்சாரம் தடைப்பட்டால், கருவி வழிகாட்டல் உள்ள ஓடுபாதையில் ஜெனரேட்டர் 15 விநாடிக்குள் விளக்குகளை ஏற்றிவிட வேண்டும். பார்வை மிகவும் குறைந்த நேரத்தில் இறங்கும் பாதைகளில் முக்கிய விளக்குகளுக்கு ஒரே ஒரு விநாடிதான் அவகாசம்! எத்தனை விளக்குகள் பழுதாகலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அடுத்தடுத்த இரண்டு விளக்குகள் அணைந்திருக்கக்கூடாது என்றும் அத்தகைய பாதைகளில் கட்டுப்பாடு உண்டு. இரவில் நாம் உறங்கும்போது அங்கே ஊழியர்கள் வண்டியில் ஓடுபாதை நெடுகச் சென்று விளக்குகளைப் பார்த்துவருகிறார்கள். அவர்களுடைய பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. ஆனால் பத்திரமாக இறங்கும் ஒவ்வொரு பயணியும் அவர்களுக்குக் கடன்பட்டவர்.

1998 ஜூன் மாதம் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. செம்பனைக் காடாக இருந்த இடத்தில் இன்று ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள மூன்று ஓடுபாதைகள். சுபாங் விமான நிலையமும் இன்றுவரை இயங்குகிறது. மண்ணெண்ணெய்த் திரி போய்க் கணினி வந்துவிட்டது. ஆனால் பச்சை பச்சைதான், சிவப்பு சிவப்புதான். விளக்கு தெரியாவிட்டால் இறங்காதே என்பதும் அப்படியே இருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கடையில் விற்கும் லேசர் விளக்கை வாங்கி, வேடிக்கையாக விமானத்தின் மேல் அடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது வேடிக்கை இல்லை, குற்றம். இறங்கும் நேரத்தில் விமானியின் கண் கூசினால், அத்தனை நிறங்களும் அத்தனை விதிகளும் இருந்து என்ன பயன்? உங்கள் தம்பி தங்கைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

இனி இரவில் வெளியே வரும்போது நகரத்துப் பக்கம் பாருங்கள். உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரியும். அவையும் விமானிக்காக எழுதிய எழுத்துகளே. "நான் இங்கே நிற்கிறேன், விலகிப் போ" என்று பொருள். அரிச்சுவடி இப்போது உங்களுக்கும் தெரியும்.

முடிவாக, இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கும், இந்த ஆண்டு பரிசு கிடைக்காத மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதை தெரியவில்லை என்று மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் இறங்க வரும் விமானியை யாரும் தோற்றவர் என்று சொல்வதில்லை. நல்ல விமானி என்றுதான் சொல்கிறார்கள். தெரியாததைத் தெரிந்ததாக நினைத்து இறங்குவதுதான் ஆபத்து. அன்று வகுப்பில் நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான். விளக்கு இருக்கும் என்று சொன்னேனே தவிர, விளக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கேட்ட அந்தத் தம்பிக்கு என் நன்றி. ஒரு சுற்றுச் சுற்றி இப்போதுதான் இறங்கியிருக்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!